அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்: வாசகர் கேள்வி – பதில்

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் கடந்த சில மாதங்களாக ஒரே கவலை திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. தெருவிலும் பக்கத்து வயலிலும் குளக்கரையிலும் புதிய குடியிருப்புகள் எழும்புகின்றன. அங்கே ஏற்கெனவே வாழ்கிறவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. நகரமைப்புப் பிரிவில் நெடுங்காலம் கோப்புகளோடு பழகியவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடியிருப்பவர்கள் தலையிடுவதற்குச் சட்டத்தில் பல வாசல்கள் உள்ளன. ஆனால் ஒவ்வொரு வாசலும் குறிப்பிட்ட சில நாட்கள்தான் திறந்திருக்கும். நம்மில் பெரும்பாலோர் போய்ச் சேரும்போது அது சாத்தப்பட்டிருக்கிறது. கடிதம் எழுதியவர்களில் பலர் கேட்டுக்கொண்டதால் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறித்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் தெருக் கோடியில் இருந்த பழைய வீட்டை இடித்துவிட்டுத் தகரத் தடுப்பு போட்டிருக்கிறார்கள். ஏழு மாடி வரப்போகிறது என்று காவலாளி சொல்கிறார். தெருவில் ஒரு தண்ணீர் லாரி வந்தாலே எதிரே வரும் ஸ்கூட்டர் ஒதுங்க இடமில்லை. எதிர்ப்புத் தெரிவித்து 200 பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். இதை யாரிடம் கொடுப்பது? இதற்கு மதிப்பு உண்டா?
– வாசகர், மேடவாக்கம்

பதில்: கையெழுத்துகளுக்கு மதிப்பு உண்டு. அந்த மதிப்பு எவ்வளவு என்பது தாளின் தலைப்பில் நீங்கள் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ‘எங்கள் பகுதியில் அடுக்குமாடி வேண்டாம்’ என்று 200 பேர் கையெழுத்திட்ட மனுவை விட, ‘இந்தச் சாலையின் அகலம் இன்ன கதவு எண்ணுக்கு எதிரே இவ்வளவுதான்’ என்று அளந்து எழுதி மூன்று பேர் கையெழுத்திட்ட மனுவை ஒதுக்கி வைப்பது அதிகாரிக்குக் கடினம். விதிக்குள் அடங்கிய கட்டடத்தை, அக்கம்பக்கத்தார் விரும்பவில்லை என்ற காரணத்துக்காக மறுக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. விதிக்கு அடங்காத கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கவும் அதிகாரம் கிடையாது. உங்கள் மனு இந்த இரண்டாவது இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி 18.30 மீட்டருக்கு மேல் உயரும் கட்டடம் ‘உயரமான கட்டடம்’ என்ற வகையில் சேரும். அதற்குக் குறைந்தது 12 மீட்டர், அதாவது ஏறத்தாழ 39 அடி அகலமுள்ள சாலை வேண்டும். ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்று கணக்கிட்டாலே ஏழு மாடி 21 மீட்டரைத் தொட்டுவிடும். அதைவிடக் குறைந்த உயரமுள்ள கட்டடங்களுக்கும் உயரம், வீடுகளின் எண்ணிக்கை ஆகியவற்றுக்கு ஏற்ப சாலை அகலமும், நான்கு பக்கமும் விட வேண்டிய இடைவெளியும் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேர் டேப் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குங்கள். அந்த மனைக்கு எதிரே ஓர் அளவு, தெரு எங்கே மிகவும் குறுகுகிறதோ அங்கே ஓர் அளவு, பெரிய சாலையில் சேரும் இடத்தில் ஓர் அளவு எடுங்கள். டேப்பில் எண் தெரியும்படி புகைப்படம் எடுத்துத் தேதியைக் குறியுங்கள். வருவாய்த் துறையின் நில அளவை வரைபடமான புலப்படத்தில் அந்தத் தெருவுக்கு என்ன அகலம் காட்டியிருக்கிறது என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டு வாசல் படிகளும் சாய்தளங்களும் தெருவுக்குள் நீண்டிருந்தால், உண்மையான அகலம் காகிதத்தில் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். அந்த ஆக்கிரமிப்பு நம் பக்கத்து வீடுகளுடையதாகவும் இருக்கலாம் என்பதால், மனு கொடுக்கும் முன்பே அதை நேர்மையாகப் பார்த்துவிட வேண்டும்.

காவலாளி சொன்னதை வைத்து மனு எழுத வேண்டாம். அனுமதி விவரங்களைக் கட்டுமான இடத்தில் பலகையாக வைக்க வேண்டும். முதலில் அதைப் பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளாகவோ கட்டி விற்கப்படும் திட்டம், தமிழ்நாடு கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமத்தில், அதாவது நாம் ரெரா என்று சொல்லும் அமைப்பில், பதிவு செய்யப்பட வேண்டும். பதிவான திட்டங்களின் விவரங்கள் அதன் இணையதளத்தில் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கின்றன. அங்கு வீடு வாங்காதவர்களும் பார்க்கலாம். இதை அறியாமல் ஒரு வரைபடத்துக்காக மாதக்கணக்கில் அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அங்கே கிடைக்கவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ‘ஏன் அனுமதி கொடுத்தீர்கள்’ என்று கேட்டால் அது தகவல் ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். ‘இன்ன சர்வே எண்ணுக்கான திட்ட அனுமதி எண், தேதி, அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகல், தல ஆய்வு அறிக்கையில் குறிப்பிடப்பட்ட சாலை அகலம்’ என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கோப்பை நேரில் பார்வையிடவும் உரிமை உண்டு. 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

அனுமதியே இல்லை, அல்லது அனுமதிக்கு மாறாகக் கட்டுகிறார்கள் என்று தெரிந்தால், தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971இன் 56, 57ஆம் பிரிவுகளைக் குறிப்பிட்டு மனுக் கொடுங்கள். பணியை நிறுத்தவும், விதிமீறிய பகுதியை அகற்றவும் அந்தப் பிரிவுகள் அதிகாரம் தருகின்றன. நேரில் கொடுத்தால் ரசீதும், அஞ்சலில் அனுப்பினால் ஒப்புகை அட்டையும் பத்திரமாக இருக்கட்டும்; நாளை உயர் நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால் வழக்கறிஞர் கேட்கும் முதல் காகிதம் அதுதான். தூண்கள் எழும்பும் கட்டத்தில் கொடுத்த மனுவுக்கும், மேல்தளத்தில் கான்கிரீட் போட்டு முடித்த பிறகு கொடுத்த மனுவுக்கும் அதிகாரியிடமும் நீதிமன்றத்திலும் உள்ள வேறுபாட்டை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

கேள்வி: 1990களில் மனை வாங்கிக் குடியேறினோம். லேஅவுட் வரைபடத்தில் ‘பூங்கா’ என்று இருந்த இடத்தை இப்போது ஒருவர் தன் சொத்து என்று கூறி வேலி போட்டு, மனைகளாகப் பிரித்து விற்க முயல்கிறார். எங்களில் யாருக்கும் அந்த இடத்தில் பட்டா கிடையாது. நாங்கள் கேள்வி கேட்க முடியுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தாராளமாகக் கேட்கலாம். பட்டா உங்களிடம் இல்லாதது ஒரு குறையே அல்ல. பெங்களூருவில் பூங்காவுக்கென்று ஒதுக்கப்பட்ட இடம் தனியார் மருத்துவமனைக்குக் கொடுக்கப்பட்டபோது, அந்தப் பகுதியில் குடியிருந்தவர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991ஆம் ஆண்டு அந்த ஒதுக்கீட்டைச் செல்லாது என்று முடிவு செய்தது. திறந்தவெளி என்பது குடியிருப்பவர்களின் உடல்நலத்துக்கும் வாழ்க்கைக்கும் உரியது, அதற்காக நீதிமன்றம் வர அவர்களுக்கு உரிமை உண்டு என்பதை அந்தத் தீர்ப்பு உறுதியாக்கியது.

உங்கள் வேலை மூன்று காகிதங்களைத் தேடுவதில் தொடங்குகிறது. முதலாவது, நகர் ஊரமைப்பு இயக்ககம் அங்கீகரித்த மனைப்பிரிவு வரைபடத்தின் சான்றளிக்கப்பட்ட நகல். மனை விற்றவர் கொடுத்த அச்சிட்ட வரைபடம் போதாது. அங்கீகார எண் உள்ள நகல் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்திலோ உள்ளாட்சி அலுவலகத்திலோ கிடைக்கும். இரண்டாவது, தானப் பத்திரம். இன்றைய விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, பதிவு செய்த தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையிலான மனைப்பிரிவுக்கு நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டும் வழியும் உண்டு. மூன்றாவது, மனைகளாகப் பிரிக்கும் முன்பிருந்த தாய் சர்வே எண்ணுக்கு, மனை பிரித்த ஆண்டுக்குச் சில ஆண்டுகள் முன்னதாகத் தொடங்கி இன்றுவரை எடுத்த வில்லங்கச் சான்று. அதை வரி வரியாகப் படியுங்கள். மனை விற்பனைகளுக்கு நடுவே எங்காவது ஊராட்சித் தலைவர் அல்லது ஆணையர் பெயருக்கு எழுதப்பட்ட தானப் பத்திரம் ஒரு வரியாக இருக்கும். இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. அந்த ஆவண எண்ணைக் குறிப்பிட்டுச் சார்பதிவாளருக்கும் உள்ளாட்சிக்கும் எழுதி, அந்த இடத்தில் புதிய பத்திரம் எதையும் பதிய வேண்டாம் என்று கேளுங்கள்.

பழைய மனைப்பிரிவுகள் பலவற்றில் அந்த வரி இருக்காது. வரைபடத்தில் பூங்காவைக் காட்டி அங்கீகாரம் பெற்று, மனைகளை விற்று முடித்து, தானப் பத்திரம் மட்டும் எழுதிக் கொடுக்காமல் விட்டுவிடுவார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து வாரிசுகள் பட்டாவைக் காட்டிக்கொண்டு வருவார்கள். அப்போதும் அங்கீகரிக்கப்பட்ட வரைபடம்தான் உங்கள் ஆதாரம். பூங்கா என்று காட்டி அனுமதி பெற்று, அதை நம்பி நீங்கள் மனை வாங்கிய பிறகு, அதே இடத்தை மனையாக விற்க அந்த வரைபடம் இடம் தராது. மனை வாங்கியவர்கள் தங்கள் கிரயப் பத்திரங்களில் ‘பூங்காவுக்கு வடக்கு’, ‘பூங்காவுக்குக் கிழக்கு’ என்று எல்லை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி எழுதிய நான்கு பத்திரங்கள் கிடைத்தாலே, அங்கே பூங்கா இருந்தது என்பதற்கு அந்தக் காலத்துச் சாட்சி கிடைத்ததாகும்.

கேள்வி: எங்கள் ஊர் ஏரிக்குக் கீழே உள்ள நன்செய் நிலத்தை வேளாண் உபயோகத்திலிருந்து குடியிருப்பு உபயோகத்துக்கு மாற்றப்போவதாகச் செய்தித்தாளில் சிறிய விளம்பரம் வந்தது. ஆட்சேபம் இருந்தால் எழுதலாம் என்று இருக்கிறது. விவசாயிகளாகிய நாங்கள் என்ன எழுதுவது? கிராம சபையில் தீர்மானம் போட்டால் போதுமா?
– வாசகர், ஸ்ரீபெரும்புதூர் அருகே

பதில்: அந்த விளம்பரத்தைக் கண்ணில் பட்ட அன்றே வெட்டி வைத்தீர்களே, அதுவே பெரிய காரியம். நான் சொன்ன வாசல்களில் மிக அகலமானது இதுதான். நிலத்தின் உபயோகத்தை மாற்றும் முன் பொதுமக்களின் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்பதால்தான் விளம்பரம் வருகிறது. அதில் குறிப்பிட்ட நாட்களுக்குள் எழுத்து மூலம் வந்த ஆட்சேபம் கோப்பில் சேர்க்கப்பட்டு, முடிவெடுக்கும்போது பரிசீலிக்கப்பட வேண்டும். அதற்குப் பதில் சொல்லாமல் முடிவெடுத்தால், அந்த முடிவு நீதிமன்றத்தில் நிற்பது கடினம். நாள் கடந்த பிறகு வரும் ஆட்சேபத்துக்கு இந்தப் பலம் கிடையாது.

‘விவசாயம் அழியும், இயற்கை கெடும்’ என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். உங்கள் ஊரைத் தவிர வேறு யாரும் எழுத முடியாததை எழுதுங்கள். ஏரியின் கலங்கல் எந்தப் பக்கம் இருக்கிறது, உபரிநீர் எந்தெந்த சர்வே எண்கள் வழியே போகிறது, மதகிலிருந்து வரும் வாய்க்கால் உத்தேச மனைப்பிரிவுக்கு நடுவே ஓடுகிறதா, அதற்குக் கீழே எத்தனை ஏக்கர் இன்னும் பாசனம் பெறுகிறது என்பதையெல்லாம் புலப்பட நகலோடு இணைத்துக் குறியுங்கள். வாய்க்கால் புறம்போக்கு தனி உட்பிரிவாக அங்கே காட்டப்பட்டிருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் நின்ற உயரம் ஏதாவது சுவரிலோ கோயில் திண்ணையிலோ கறையாக இருந்தால், அதன் பக்கத்தில் ஓர் ஆளை நிற்க வைத்துப் புகைப்படம் எடுங்கள். முழங்கால் அளவா, இடுப்பளவா என்பது எந்த அறிக்கையையும் விடத் தெளிவாகத் தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இத்தகைய இடங்களுக்கு வெள்ளப் பாதிப்பு குறித்து நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்கப்படும். அந்தச் சான்றில் பெரும்பாலும், மனையை இத்தனை மீட்டர் உயர்த்த வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். மனை உயர்ந்தால் அங்கே தண்ணீர் நிற்காது என்பது உண்மை. நிற்காத தண்ணீர் உங்கள் தெருவுக்கும் வயலுக்கும் வரும் என்பதும் உண்மை. அந்தச் சான்றின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பெற்று, வடிகால் எங்கே, எவ்வளவு அகலத்தில், யார் செலவில், மண் கொட்டுவதற்கு முன்பா பின்பா என்று கேளுங்கள். முழுவதுமாகத் தடுக்க முடியாத திட்டத்தில்கூட, இந்தக் கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்டவர்களுக்கு வாய்க்கால் மிஞ்சியிருக்கிறது.

கிராம சபைத் தீர்மானத்தையும் நிறைவேற்றுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. அந்தத் தீர்மானம் தனியாக நின்று நில உபயோக மாற்றத்தை ரத்து செய்துவிடாது. ஊரின் கருத்து இது என்று அரசு ஆவணத்தில் பதிவாகிவிட்ட பிறகு, ‘யாரும் ஆட்சேபிக்கவில்லை’ என்று எந்த அறிக்கையிலும் எழுத முடியாது என்பதே அதன் பயன். தீர்மானத்தை வாய்மொழியாகக் கைதட்டி முடித்துவிடாமல், தீர்மானப் புத்தகத்தில் சர்வே எண்ணோடு எழுதப்பட்ட பிறகு நகல் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட பெரிய திட்டம் வருகிறது. சுற்றுச்சூழல் அனுமதிக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் எப்போது நடக்கும்?
– வாசகர், சோழிங்கநல்லூர்

பதில்: நடக்காது. பலரும் அந்தக் கூட்டத்துக்காகக் காத்திருந்து நாட்களை இழக்கிறார்கள். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேல் கட்டுமானப் பரப்புள்ள திட்டங்களுக்கு முன் அனுமதி தேவை. ஆனால் கட்டடத் திட்டங்களுக்கும் டவுன்ஷிப்புகளுக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து அதே அறிவிக்கை விலக்கு அளித்துவிட்டது. ஓர் ஊரின் தண்ணீரையும் சாக்கடையையும் போக்குவரத்தையும் நிரந்தரமாக மாற்றும் திட்டத்துக்கு அந்த ஊரைக் கேட்க வேண்டியதில்லை என்ற இந்த விலக்கு தவறானது என்றே நான் கருதுகிறேன்.

அதனால் நீங்களாகத் தேடிப் போக வேண்டும். விண்ணப்பமும் மதிப்பீட்டுக் குழுவின் கூட்டக் குறிப்புகளும் ‘பரிவேஷ்’ என்ற மத்திய அரசின் இணையதளத்தில் வெளியாகின்றன. விண்ணப்பத்தில் தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போகும், அருகில் என்ன நீர்நிலை உள்ளது என்ற கேள்விகளுக்கு நிறுவனம் எழுதிய பதில்களைப் படித்து, தவறு இருந்தால் மாநில மதிப்பீட்டுக் குழுவுக்கு ஆதாரத்துடன் எழுதுங்கள். அனுமதி வழங்கப்பட்டுவிட்டால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாட்கள். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள் வரை தாமதத்தை மன்னிக்கலாம். அதற்கு மேல் ஒரு நாள் கூடத் தீர்ப்பாயத்தால் கொடுக்க முடியாது.

உங்கள் பகுதிக்குப் பக்கத்திலேயே இதற்கான எடுத்துக்காட்டு இருக்கிறது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஏறத்தாழ 1,248 எக்டேர் பரப்பு 2022ஆம் ஆண்டு ராம்சர் தலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அதன் எல்லை களத்தில் எங்கே முடிகிறது என்பது முறையாக வரையறுக்கப்படாமலேயே அனுமதிகள் தொடர்ந்ததைத் தீர்ப்பாயத்தின் கவனத்துக்குக் கொண்டுபோனதன் விளைவாக, 2025 செப்டம்பரில் தென் மண்டல அமர்வு, எல்லை ஆய்வு முடியும் வரை அந்தத் தலத்துக்குள்ளும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள்ளும் புதிய கட்டுமான அனுமதி வழங்க வேண்டாம் என்று சி.எம்.டி.ஏ.வுக்கு உத்தரவிட்டது. ‘எல்லை எங்கே?’ என்ற ஒரு கேள்விக்கு அவ்வளவு வலு இருந்தது.

கேள்வி: முன்பதிவின்போது காட்டிய வரைபடத்தில் எங்கள் பிளாக்குக்கு முன்னால் புல்வெளி இருந்தது. இப்போது அங்கே இன்னொரு பிளாக் கட்டப்போவதாகச் சொல்கிறார்கள். திருத்திய அனுமதி வாங்கிவிட்டோம் என்கிறார்கள்.
– வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: திருத்திய அனுமதி மட்டும் போதாது. ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம், 2016இன் 14ஆம் பிரிவு, அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தையோ பொது இடங்களையோ மாற்றுவதற்கு, நிறுவனத்தைத் தவிர்த்து வீடு ஒதுக்கீடு பெற்றவர்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினரின் முன் எழுத்துப்பூர்வச் சம்மதம் தேவை என்கிறது. சாவி வாங்கும் நாளில் நீட்டப்படும் கட்டுக் காகிதங்களில் ‘எதிர்கால மாற்றங்களுக்குச் சம்மதிக்கிறேன்’ என்ற வரி இருக்கிறதா என்று ஒவ்வொரு வீட்டாரும் பார்க்கட்டும். அத்தகைய பொதுவான ஒப்புதலைக் காட்டி எல்லாரும் சம்மதித்ததாகச் சொல்ல முற்பட்டால், இந்தக் குறிப்பிட்ட மாற்றத்துக்கு நான் சம்மதிக்கவில்லை என்று உடனே எழுதிக் கொடுங்கள்.

நொய்டாவின் இரட்டைக் கோபுர வழக்கு உங்களுடையதைப் போன்றதே. பசுமைப் பகுதியாகக் காட்டிய இடத்தில் இரண்டு கோபுரங்கள் எழும்பின. குடியிருப்போர் சங்கம் வரைபடத்தைக் கேட்டபோது, அதிகாரிகள் கட்டுமான நிறுவனத்தின் சம்மதத்தைக் கேட்க, நிறுவனம் மறுக்க, வரைபடம் கொடுக்கப்படவில்லை. சங்கம் விடவில்லை. 2014இல் அலகாபாத் உயர் நீதிமன்றமும், 2021 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றமும் இடிக்க உத்தரவிட்டன. 2022 ஆகஸ்ட் 28 அன்று ஏறத்தாழ 100 மீட்டர் உயரக் கோபுரங்கள் சில நொடிகளில் தரைமட்டமாயின. வீட்டுக்காரர்கள் வழக்குச் செலவுக்குப் பணம் திரட்டி ஏறத்தாழ பத்து ஆண்டுகள் நடந்த நடை அது. அந்த நிலைக்குப் போகாமலிருக்க, பதிவு பெற்ற சங்கமாக ரெராவில் இப்போதே முறையிடுங்கள்.

கேள்வி: எங்கள் மாநகராட்சி வார்டில் நாங்கள் பேசக்கூடிய மேடை எதுவும் கிடையாதா?
– வாசகர், தாம்பரம்

பதில்: உண்டு. கிராம சபையைப் போல நகர்ப்புறங்களில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்கப்பட்டு, 2022 நவம்பர் 1 அன்று தமிழகம் முழுவதும் முதன்முறையாகப் பகுதி சபைகள் கூடின. உங்கள் மாமன்ற உறுப்பினரிடம் அடுத்த கூட்டத்தின் நாளைக் கேட்டு, கட்டட அனுமதி, வடிகால், பூங்கா இடம் ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள். சென்னைப் பெருநகரில் வசிக்கும் எல்லா வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: 2008இல் நடைமுறைக்கு வந்த இரண்டாவது முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) காலம் 2026உடன் முடிகிறது, 2046 வரைக்கான மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிறது. வரைவு வெளியானதும் ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது இரண்டு மாதங்கள் கொடுக்கப்பட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உங்கள் தெரு முதன்மைக் குடியிருப்பா, கலப்புக் குடியிருப்பா, வணிகப் பகுதியா என்பது அந்த வரைபடத்தின் நிறத்தில் முடிவாகும். பின்னால் தனித்தனிக் கட்டடங்களோடு நடத்தும் இருபது ஆண்டுப் போராட்டத்தை அந்த இரண்டு மாதங்களில் பெருமளவு தவிர்க்கலாம். உங்கள் சர்வே எண் எந்த நிறத்தில் இருக்கிறது என்று அன்றே பாருங்கள்.

கேள்வி: எங்கள் நகருக்கு அருகே குடிசைவாசிகளுக்கான அரசு அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். மனை மதிப்பு குறையும், சூழல் கெடும். இதைத் தடுக்க என்ன செய்யலாம்?
– வாசகர், மதுரை

பதில்: அந்தக் காரணங்களுக்காகத் தடுப்பதற்கு வழி சொல்ல எனக்கு மனமில்லை, சட்டத்திலும் வழி இல்லை. பக்கத்தில் யார் குடியிருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமையை மனை வாங்கிய பத்திரம் நமக்குத் தரவில்லை. உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர்களும், உங்கள் தெருவைக் கூட்டுகிறவர்களும் நகருக்குள்ளேயே குடியிருக்க இடம் வேண்டும். சென்னையின் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களை வேலையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் வெகு தொலைவில் ஒரே இடத்தில் குடியமர்த்தியதால் அவர்கள் பட்ட சிரமத்தை இந்த மாநிலம் பார்த்திருக்கிறது. நீங்கள் கேட்கக் கூடியவை வேறு: குழந்தைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பள்ளியில் வகுப்பறைகள் கூடுமா, பாதாளச் சாக்கடையின் கொள்ளளவு போதுமா, பேருந்து எப்போது வரும். இவற்றை உங்கள் சங்கமும் புதிதாக வரும் குடும்பங்களும் சேர்ந்து கேட்டால், இரு பக்கமும் பயன் உண்டு.

கேள்வி: ஐயா, நாங்கள் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் முப்பது ஆண்டுகளாக இருக்கிறோம். கட்டடம் பழுதாகிவிட்டது, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தருகிறோம், காலி செய்யுங்கள் என்கிறார்கள். திரும்ப இங்கேயே வீடு கிடைக்குமா என்று பயமாக இருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் எதையாவது கேட்க முடியுமா?
– வாசகி, வடசென்னை

பதில்: அம்மா, இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் மிக அவசரமானது உங்களுடையது. இடிந்துவிழும் நிலையில் உள்ள கட்டடத்தில் இருக்கச் சொல்லி நான் உங்களுக்கு எழுத மாட்டேன். காலி செய்வது உயிருக்குப் பாதுகாப்பு. ஆனால் காலி செய்யும் முன்பு கேட்டால் கிடைக்கும் காகிதம், காலி செய்த பிறகு கேட்டால் எளிதில் கிடைக்காது. அதனால் எல்லாக் கேள்விகளும் இப்போதே எழுத வேண்டியவை.

கணக்கெடுப்புப் பட்டியலில் உங்கள் குடும்பத்தின் பெயர், வீட்டு எண், பிளாக் எண் ஆகியவை சரியாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். ஒதுக்கீடு பெற்றவர் இறந்துபோய் வாரிசுகள் இருக்கும் வீடுகளும், வேறொருவரிடமிருந்து கைமாறி வந்த வீடுகளும் இங்கேதான் விடுபட்டுப் போகின்றன. அப்படிப்பட்ட குடும்பங்கள் குடும்ப அட்டை, மின் கட்டண ரசீது, வாரிசுச் சான்று ஆகியவற்றின் நகல்களோடு உடனே மனுக் கொடுக்க வேண்டும். வெளியே தங்குவதற்காக ஒரு குடும்பத்துக்கு 24,000 ரூபாய் கருணைத் தொகை வழங்கப்படுகிறது. சென்னையில் மாத வாடகைக்கும் முன்பணத்துக்கும் அது எத்தனை மாதங்களுக்குப் போதும் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். எனவே கட்டுமானம் முடியும் காலத்தை எழுத்தில் கேட்பது மிக முக்கியம்.

பிறகு புதிய கட்டடத்தின் வரைபடத்தைக் கேளுங்கள். எத்தனை மாடி, ஒரு தளத்துக்கு எத்தனை வீடு, எத்தனை லிஃப்ட், மின்சாரம் நின்றால் லிஃப்டுக்கு ஜெனரேட்டர் உண்டா, தண்ணீர் எல்லா மாடிக்கும் ஏறுமா, பால்வாடியும் ரேஷன் கடையும் எந்த இடத்தில் வரும் என்பவை நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள். மூட்டுவலி உள்ள முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கீழ்த்தளத்தில் முன்னுரிமை வேண்டும் என்று பெயர்ப் பட்டியலோடு கேளுங்கள். பயனாளியின் பங்குத் தொகை உண்டா, உண்டென்றால் எவ்வளவு, தவணையில் கட்டலாமா என்பதையும் இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். பிளாக்குக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கும்படி ஒரு குழுவை அமைத்து, மனுவை வாரியத்தின் கோட்ட அலுவலகத்திலும், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் கொடுங்கள். வழக்கறிஞர் தேவைப்பட்டால் செலவை எண்ணித் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கிடைக்கும்.

காலி செய்யும் நாளில், வீட்டுச் சாவியை ஒப்படைக்கும்போது, திரும்ப வீடு ஒதுக்கப்படும் என்பதற்கான கடிதம் உங்கள் பெயரில், பழைய வீட்டு எண்ணோடு, கையொப்பமும் முத்திரையும் இட்டுக் கையில் வந்த பிறகே கொடுங்கள். அதை இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள். வாடகை வீடு மாறும்போதெல்லாம் மழையிலும் மூட்டைகளிலும் காகிதங்கள் காணாமல் போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கடிதம் கொடுக்க மறுத்தால் அன்றைய தேதியோடு எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழுக்குக் காத்திராமல் தபாலில் பதில் அனுப்புகிறேன்.